சத்தம் போடாத பிள்ளை

ஜூன் 16, திங்கள்

விடியலிலிருந்து மழை. வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு இல்லை, போர்வைக்குள். எனக்கு லீவு ஏது. பிரசவத்துக்குப் பிறகு இன்றுதான் மறுபடி தேயிலைக் கொழுந்து பறிக்க.

மகனைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டேன். எட்டு மாதம். வாசலில் மற்றப் பிள்ளைகள் தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரே கூப்பாடு. இவன் மட்டும் கப்சிப். பிள்ளை பார்க்கும் ரஞ்சனி மிஸ்ஸுக்கு ஆச்சரியம், சிங்களமும் தமிழுமாக: "ஹரி ஹொந்த பபா! இப்படி ஒரு நல்ல புள்ளய நான் பாத்ததே இல்ல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாங்க: சவர்க்காரம், உப்பு (அட்டைக் கடிக்கு).

17, செவ்வாய்

பக்கத்துக் காம்பரா சரோஜா அக்கா சும்மா இருக்கமாட்டார். "பால் குடுக்குற, தொட்டில்ல போடுற, போற. புள்ளய தூக்கிக் கொஞ்சி நான் பாத்ததே இல்லயே?"

பால் நேரத்துக்குப் பால். இடையில் அழுதால் தூக்கக்கூடாது, பழகிவிடும். கேகாலைப் பக்கத்துச் சிறுவர் இல்லத்தில் கைப்பிள்ளைகளைப் பெரிய அக்காமார் அப்படித்தான் பார்த்தார்கள். பெரியவளானதும் நானும். மூன்று வயதிலிருந்து அங்கே. வேறு மாதிரி எனக்கு யார் காட்டினார்கள்? கோபம் வந்தது. சிரித்து மழுப்பினேன்.

18, புதன்



மதியம் பால் கொடுக்கப் போனேன். தொட்டில் துணிக்குள் செவ்வெறும்பு. இரண்டு தொடையும் தடித்துச் சிவந்து. இவன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி. சத்தமே இல்லை. ரஞ்சனி மிஸ் அழுதுவிட்டார்: "ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே!"

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இல்லத்துக்குப் புதிதாக வரும் கைப்பிள்ளை முதலில் கத்தும். யாரும் வரமாட்டார்கள். பிறகு கத்தாது. நல்ல பிள்ளை என்போம்.

தாய் இருக்கும் பிள்ளைக்கு நானே வீட்டில் ஓர் இல்லம் நடத்தியிருக்கிறேன்.

எறும்பு போகட்டும். பாம்பாக இருந்தால்? காய்ச்சலில் விறைத்தால்?

19, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. நாள் முழுக்க மகன் இடுப்பில். விறைத்துக்கொண்டு இருக்கிறான், எங்கே பிடிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

சரோஜா அக்காவிடம் கேட்டே விட்டேன், பிள்ளையை எப்படிப் பழக்குவது என்று. "இதுக்கு என்னடி பாடம்? அழுதா தூக்கு."

"அழ மாட்டேங்கிறானே அக்கா."



நாளை மிட்வைஃப் மிஸ் வரும் நாள். நான் எங்கே வளர்ந்தவள் என்று அவருக்குத் தெரியும். தொடையைப் பார்ப்பார். இவளுக்கு வளர்க்கத் தெரியாது என்று புரொபேஷன் ஆபீசுக்குச் சொன்னால்? என்னைக் கொண்டுபோன மாதிரி இவனையும்? சோறு இறங்கவில்லை.

20, வெள்ளி

நீளக் காற்சட்டை போட்டு மறைத்தேன். எடை பார்க்க மிட்வைஃப் மிஸ் கழற்றச் சொன்னார்.

"மே மொகத? இது என்ன? அழுதானா?"

"இல்ல மிஸ். அழாம இருக்க நான்தான் பழக்கிட்டேன்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு கேட்டேன், "கொண்டு போயிருவீங்களா?"

மிஸ் மகனைத் தூக்கி என் மடியில் வைத்தார். "யாருக்குக் குடுக்க நங்கி? தங்கச்சி, நீங்கதானே அம்மா. கீழ வைக்காதீங்க. நான் திரும்ப வாறேன்."

திரும்ப வருவது உதவவா, வேவு பார்க்கவா? பயம் போகவில்லை.

22, ஞாயிறு

வெயில். பீலித் தண்ணீரில் துணி துவைத்தேன். மகனைப் பாயில் வைத்துவிட்டு உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தால், கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்காரர் கேட்டார், "என்ன, புள்ள அழலன்னு நீ அழுற?"

23, திங்கள்

தூறல். வேறு வழியில்லை, வேலைக்குப் போனேன். ரஞ்சனி மிஸ்ஸிடம் சொன்னேன்: தொட்டில் வேண்டாம், கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

மகனைக் கொடுத்துத் திரும்பினேன். படி இறங்கும்போது ஒரு கீச்சுக் குரல். யார் பிள்ளையோ என்று நினைத்தேன். பிறகு பெரிதாக, தொண்டை கிழிய. இவன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கால் நகரவில்லை, பழைய பழக்கம். அப்புறம் ஓடினேன்.

என் சட்டையைப் பிடித்தவன் விடவே இல்லை. ரஞ்சனி மிஸ் சிரிக்கிறார்: "நல்ல புள்ளயா இருந்தவன கெடுத்துட்டீங்களே!" கொழுந்து மலைக்குப் பிந்திப் போய் கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன். ஏசட்டும்.

வீட்டுக்கு வந்தும் இறக்கிவிட முடியவில்லை. இப்போதுதான் தொட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சரோஜா அக்கா சொன்ன
அழுகிறான்