தோல் கப்பலில் போன அண்ணனுக்கு

அண்ணா,

இன்று காலை அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு தோல் மண்டிக்குப் போனேன். கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாசனை மூக்கை அடைத்தது. "சண்டைக்குப் போன கப்பலு வந்துட்டுது. மறுபடியும் நம்ம தோலைத்தான் ஏத்தப் போறாங்க" என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலின் பெயரையும் சொன்னார். உன்னுடைய கப்பல்தான்.

அம்மா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "எம்புள்ள எறங்கிட்டானா?"

"பம்பாயிலயே எறங்கியிருப்பான். வந்துடுவான்மா" என்றார் அவர். நான் தலை நிமிரவில்லை.

உன் கடிதங்களில்தான் அந்தக் கப்பலை எனக்குத் தெரியும். நம் தோலைச் சீமைக்குச் சுமந்த கப்பலைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, சாம்பல் நிறம் பூசி, அடித்தட்டில் கோவேறு கழுதைகளுக்குக் கொட்டடி கட்டியது. மேல்தட்டில் சிப்பாய்கள். சேணம் தைக்க ஆள் எடுத்தபோது நீ போனாய். "கீழ எறங்குனா நம்ம மண்டி நாத்தமேதான்டி. கழுதைங்க மட்டுந்தான் புதுசு" என்று எழுதினாய். முதல் நடையில் பாடிக்கொண்டே பஸ்ரா சண்டைக்கு இறங்கிய சிப்பாய்களில் சிலர், இரண்டாம் நடையில் கால் இல்லாமல் திரும்பினார்கள். அந்தக் கடிதத்தில் நீ வேடிக்கை ஒன்றும் எழுதவில்லை. கடைசி வரி மட்டும்: "ஊருக்கு வர்ற நாள் தெரிஞ்சா மூலையில மஞ்சள் தடவி அனுப்புறேன். பிரிக்கறதுக்கு முன்னாடியே அம்மா சிரிக்கட்டும்."

சில மாதம் முன்பு அப்படி ஒரு கடிதம் வந்தது. நாலு மூலையும் மஞ்சள். "எம்புள்ள வர்றான்!" என்று அம்மா கத்தியதில் தெருவே கூடிவிட்டது.

"ஏய் ஊமச்சி, நாலாங் கிளாஸ் படிச்சியே, இன்னிக்காவது வாயத் தொற" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

எழுதியிருந்தது நீ இல்லை. உன்னோடு சேணம் தைத்த மாதனூர்க்காரர். மூன்றாம் நடையில் திரும்பும்போது ஜுரத்தில் நீ போய்விட்டாய், உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள் என்று இருந்தது. மூலைகளில் மஞ்சளாகத் தெரிந்தது அவர் விரலில் ஒட்டியிருந்த சேண எண்ணெயின் கறை.

அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். "நல்லா இருக்கேன். சீக்கிரம் வர்றேன்" என்று படித்தேன்.

மூன்றாம் நாள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "மஞ்சள் தடவி சாவு எழுதுவாங்களாடி? அன்னிக்கி எல்லார் முன்னாடியும் படிச்சது யாரு?" என்று கன்னத்தில் அறைந்தாள். கடிதத்தைப் பிடுங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். வேறு யாரிடமும் காட்டவில்லை. சாவுக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போடுவது வழக்கம். இது கிழியாமல் இருக்கிறது. உனக்குக் கருமாதியும் நடக்கவில்லை.

பிறந்ததிலிருந்து நாலு பேர் முன்னால் நான் சத்தமாகச் சொன்னது அந்த ஒரு பொய்தான். அதை எல்லோரும் நம்பினார்கள். உனக்காக அழ இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், அண்ணா. அதுவும் அம்மா மண்டிக்குப் போன பிறகுதான் அழுகிறேன்.