அப்பாவின் கண்ணும் நீ பூட்டிவிட்டுப் போன டிவியும்

இயேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
மே மாதம், ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள மகன் பிரவீன்ராஜுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், எவ்வளவு நன்றாக என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன். நீயும் பெலிண்டாவும் பேரன் ஆசீரும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் இருக்கும்மா என்கிறாய், இல்லாவிட்டால் நான் சொல்ல வந்ததை நீயே சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் நடுவில் புகுந்து பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பூசை முடிந்து நாங்கள் வந்த கையோடு, நீ அங்கிருந்தே பேசி ஏற்பாடு பண்ணின முசிறிக்காரர், வாழைக்காய் மண்டி வைத்திருக்கிற பிச்சமுத்து, வீடு பார்க்க வந்தார். உட்காரவைத்துக் காபி கொடுத்தேன், இந்த வீடு விற்பதற்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

எல்லாம் நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வாங்கிவைத்த அந்தப் பெரிய டிவியில் ஆரம்பித்தது. வந்த மறுநாளே அப்பா ரிமோட்டில் எதையோ அழுத்த, செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது, ஞாபகம் இருக்கும். நீ சரிபண்ணிவிட்டு இனிமேல் யாரும் நோண்டக் கூடாது என்று செட்டிங்ஸுக்கு ஒரு பின் நம்பர் போட்டுப் பூட்டினாய். நம்பர் என்ன என்று கேட்டேன், உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம், பார்க்கறதுக்குத்தானே டிவி என்றாய். என் வீட்டுக் கூடத்தில் என்னால் திறக்க முடியாத ஒரு பூட்டு. அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன், ஊருக்குக் கிளம்புகிற பிள்ளையிடம் எதற்கு வம்பு என்று சும்மா இருந்தேன். நீ போன பிறகு ஜனவரியில் மூன்று ராஜா திருநாள் முடிந்து கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்தேன், குடிலுக்குப் பக்கத்தில் இருந்த வேளாங்கண்ணி மாதா சுரூபத்தை டிவி மேஜையில் டிவிக்கு முன்னால் நட்டநடுவில் வைத்தேன். சின்னச் சுரூபம், படத்தை மறைக்காது. இதை மனசில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. கட்டு அவிழ்த்ததும் எல்லாம் பளிச்சென்று தெரியப்போகிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி ஆசையாக வீட்டுக்கு வந்தார், வந்ததும் டிவியைப் போடச் சொன்னார். படம் மங்கல். மழைக்கு இருட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கு ராணி என்றார். எனக்கும் மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் நான் எங்கே டிவி பார்க்கிறேன், அடுப்படியில் நின்று காதால் கேட்கிறவள், இந்த டிவியே இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். அப்பா விடவில்லை. ஆபரேஷன் வீணாகிவிட்டது, கண் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டார். பேப்பர் படிக்கிறீர்களே என்றால் கிட்டத்தில் தெரிகிறது, தூரப் பார்வை போய்விட்டது என்பார். ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். கோயிலில் பீடத்துப் படி இடறிவிடும் என்று பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பதை நிறுத்திவிட்டார், உபதேசியாரிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்க என்று சொல்லிவிட்டு வந்து அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் இன்ஜினைப் பிரித்து மாட்டின மனுஷன், கூடத்தில் சோபாவின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

அந்த நேரத்தில்தான் நீ போன் பண்ணினாய். கண்ணு போயிட்டுதுப்பா என்று அவர் சொன்ன ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நீயும் பெலிண்டாவும் மளமளவென்று எல்லாம் முடிவு பண்ணிவிட்டீர்கள். கோயம்புத்தூர் பக்கம் வயதானவர்களுக்கு என்று கட்டின குடியிருப்பாம், நர்ஸ் இருக்கிறாளாம், படியே கிடையாதாம், வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துவிடுமாம். வீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றீர்கள். அப்பாவும் பிள்ளைக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று தலையாட்டிவிட்டார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நீ அன்பில்லாமல் செய்தாய் என்று சொல்ல மாட்டேன், அன்பில்தான் செய்தாய். ஆனால் விசாரிக்காமல் செய்தாய்.

நான் டெலிபோன் ஆபீஸில் கம்ப்ளெயின்ட் செக்‌ஷனில் இருந்து ரிட்டையர் ஆனவள், மறந்துவிட்டாயா. சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் காது போய்விட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அவரையே வேறு போனில் பேசவைப்போம். அதில் கேட்டால் கோளாறு காதில் இல்லை, லைனில். அதனால் முதலில் அப்பாவை ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீரங்கத்தில் கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பாலத்தில் போகும்போது காவிரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மணல்தான். அதோ பார் கொக்கு நிக்குது என்று அப்பாவே கை நீட்டினார், நீட்டிவிட்டு இல்லை இல்லை குத்துமதிப்பாகச் சொன்னேன் என்று கையை இழுத்துக்கொண்டார். டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பார்வை பிரமாதமாக இருக்கு சார் என்றார். வெளியே வந்ததும் ஆறுதலுக்குச் சொல்றாங்க ராணி என்கிறார் உன் அப்பா. இந்த மனுஷனை என்ன செய்வது சொல்.

அப்புறம் ஒரு நாள் நம் வீட்டில் கரன்ட் போய்விட்டது, பக்கத்து வீட்டில் இருந்தது. அப்பா செய்தி பார்க்கிற நேரம் என்று கமர் ஜஹான் கூப்பிட்டாள், அவள் வீட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தோம். நான் அவளோடு மாவு அரைக்கிற கதை பேசிக்கொண்டிருக்கிறேன், அப்பா பாட்டுக்குப் படத்துக்கு அடியில் ஓடுகிற எழுத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருக்கிறார். ஒரு எழுத்து விடவில்லை. கேட்டால், அவங்க டிவி உசத்தி, அதான் என்கிறார். கோளாறு எந்த முனையில் என்று எனக்குத் தெரிந்துபோனது.

அன்றைக்குத்தான் உன்னிடம் பின் நம்பர் கேட்டேன். நீ டிவியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன், நல்லாத்தானேம்மா தெரியுது, டிவியில ஒண்ணும் இல்ல, அப்பா கண்ணைப் பாருங்க என்றாய். போன் கேமரா இருட்டைக்கூட வெளிச்சமாக்கிக் காட்டும் பிரவீன், எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் நாங்கள். மறுபடி கேட்டேன், எதையாவது அழுத்திக் கெடுத்துடுவீங்கம்மா என்றாய். சரி என்று போனை வைத்தேன். நேராக டிவி கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் பொறுமையானவள். நம்பர் தெரியாவிட்டால் டிவிக்கு அடியில் இருக்கிற பட்டனை அழுத்திப் பிடித்து மொத்தமாக ரீசெட் பண்ணலாம்மா, ஆனா உள்ளே போட்டுவெச்சது எல்லாம் அழிஞ்சிடும் என்றாள். அழியட்டும் என்றேன். அப்பா பதறிப்போய்ப் பையன் திட்டுவான் ராணி என்றார். திட்டினால் என்னைத் திட்டட்டும், தள்ளுங்க என்று சொல்லிவிட்டு அழுத்திப் பிடித்தேன். டிவி அணைந்து புதிதாகப் பிறந்த மாதிரி எழுந்து, எந்த பாஷை வேண்டும் என்று என்னைக் கேட்டது. தமிழ் என்றேன். நீ ஏற்றிவைத்த சினிமா எல்லாம் போய்விட்டது, வைஃபை பாஸ்வேர்டை நானே போட்டேன்.

ஆனால் பார், படம் அப்போதும் மங்கல்தான். செட்டிங்ஸில் படத்துக்கான இடத்தில் போய் வெளிச்சத்தைக் கூட்டலாம் என்றால் அந்த வரி மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக்கிடக்கிறது, அழுத்தினால் அசையவில்லை. உன் பூட்டை உடைத்தால் உள்ளே இன்னொரு பூட்டு. அப்பா எழுந்து வந்து ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, போதும் ராணி, எனக்காகத்தானே இவ்வளவும், ஞாயித்துக்கிழமை அந்த ஆள் வந்தா வீட்டைக் கொடுத்துடலாம் என்றார். அன்றைக்குத்தான் எனக்கே நம்பிக்கை விட்டுப்போனது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

நேற்று சனிக்கிழமை. இது மாதாவின் மாதம் அல்லவா, தினமும் சுரூபத்துக்குப் புதுப் பூ வைக்கிறேன். வாடின மல்லிகையை எடுத்துத் துடைக்கலாம் என்று மாதாவை மேஜையிலிருந்து தூக்கினேன். டிவி மெல்ல மெல்லப் பளீரென்று ஆனது. ராணி இப்ப என்ன பண்ணினே என்று அப்பா கத்தினார். நான் ஒன்றும் பண்ணவில்லையே என்று மாதாவைத் திரும்ப வைத்தேன், படம் இருண்டது. எடுத்தேன், வெளுத்தது. குனிந்து பார்த்தால் டிவியின் அடிவிளிம்பில் கடுகு போல ஒரு கண். கஸ்டமர் கேர் பெண்ணையே மறுபடி கேட்டேன், கூடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று அந்தக் கண் பார்த்து அதற்குத் தகுந்தபடி டிவி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்குமாம். மாதா அதற்கு முன்னால் நிற்க, வீடே இருட்டு என்று நினைத்துக்கொண்டு ஜனவரியிலிருந்து அது மங்கிக் கிடந்திருக்கிறது. கண் மறைந்தது டிவிக்கு, பழி விழுந்தது அப்பாவுக்கு. ஆமாம், சுரூபத்தை அங்கே வைத்தது நான்தான். அதற்காக மாதாவை நகர்த்திவிடுவேன் என்று நினைக்காதே. தானாகக் கூட்டிக் குறைக்கிற அந்த ஏற்பாட்டைத் தேடிப் பிடித்து அணைத்தேன், அணைத்ததும் செத்துக்கிடந்த வரிகளுக்கு எல்லாம் உயிர் வந்தது. மாதா வைத்த இடத்திலேயே நிற்கிறாள், டிவிதான் வழிக்கு வந்தது. உன் பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் பங்குனியிலேயே கண்டுபிடித்திருப்பேன், இதையும் எழுதிவைக்கிறேன்.

அப்பா சோபாவின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். ஓடுகிற எழுத்தை வாசித்தார், விளம்பரத்தில் மூலையில் பொடியாக வருகிற எழுத்தைக்கூட வாசித்தார், வாசித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காதது போல அடுப்படிக்குப் போய் அங்கே நின்று அழுதேன். இன்று காலை பிச்சமுத்து வந்தபோது நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், மனுஷன் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, கொண்டுவந்த பூவன் வாழைத்தாரைத் திருப்பி எடுத்துப்போகாமல் வைத்துவிட்டே கிளம்பினார். வாசலில் நின்ற அப்பா, தெருமுனையில் அவர் நிறுத்தியிருந்த காரைப் பார்த்து, அண்ணே பின்னாடி டயர்ல காத்துக் கம்மியா இருக்கு, முசிறி வரைக்கும் தாங்காது, பார்த்துப் போங்க என்றார். அவர் போய்க் குனிந்து பார்த்துவிட்டு ஆமாங்க என்று அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த நிமிஷம் அப்பா உபதேசியாருக்குப் போன் போட்டு வருகிற ஞாயிறு முதல் வாசகம் நான்தான் என்று சொல்லிவிட்டார், கேட்கக்கூட இல்லை, சொல்லிவிட்டார்.

ஆகவே பிரவீன், கோயம்புத்தூருக்கு நீயே போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடு. எங்களுக்கு முடியாமல் போகிற நாள் ஒன்று வரும், எனக்குத் தெரியாதா. அன்றைக்கு நாங்களே சொல்வோம், நீ வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்களையும் கேட்டு முடிவு பண்ணு. அதுவரைக்கும் இது நம் வீடு, அப்பா ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்குப் போவார், நான் பின்னால் உட்காருவேன். உன் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதைவிட ஆசை அதிகம், இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள். பெலிண்டாவை ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றில் படுக்க வேண்டாம் என்று சொல். ஆசீருக்கு ஐஸ் தண்ணீர் கொடுக்காதே, தமிழில் பேசு, போனில் என்னிடம் ஹாய் என்பதை விட்டுவிட்டுப் பாட்டி என்று கூப்பிடச் சொல்.

உங்கள் மூன்று பேருக்கும் மாதாவின் காவல் இருக்கட்டும், என் ஆசீர்வாதமும் அப்பா ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. தூங்கும்போது பிள்ளை நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. இன்னொன்று மறந்துவிட்டேனே, டிவிக்கு இப்போது நான் ஒரு புது பின் நம்பர் போட்டுப் பூட்டிவிட்டேன். உனக்குச் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கும் சொல்லவில்லை, நீ போனில் கொஞ்சிக் கேட்டால் அவர் சொல்லிவிடுவார். வேண்டுமென்றால் லீவு போட்டுவிட்டு வந்து நேரில் கேள்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரை வைத்திருக்கிற அம்மா
ச. லூர்துராணி

பிரவீன், கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தாள், ஒட்டுமுன் இதை எழுதுகிறேன். எல்லாம் உன் அம்மா எழுதினபடிதான். ஆனால் நேற்று அவள் புது நம்பர் போட்டபோது நான் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன். ரிமோட்டில் அவள் விரல் போன நாலு பட்டனும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.
– அப்பா