ஏன் வெளியேறினார்கள் என்று தெரியவில்லை

மார்ச் 4
அருங்காட்சியகத்தின் 'நகரங்களின் கதை' கூடத்துக்கு விளக்கப் பலகைகள் எழுதி முடித்தேன். முதல் நகரம்: நேர்த் தெருக்கள், மூடிய சாக்கடை. அடுத்தது: கோட்டை, உள்ளே சந்தை. கடைசியாக ஆலை நகரம், புகை, தீப்பெட்டி வீடுகள். எல்லாவற்றுக்கும் முடிவு வரி ஒன்றேதான்: "மக்கள் ஏன் வெளியேறினார்கள் என்று தெரியவில்லை." இயக்குநருக்கு அந்த வரி மேல் அப்படி ஒரு பிரியம். அம்மா கேட்டாள்: "தெரியலன்னு எழுதறதுக்கு ஒரு சம்பளமா?"

மார்ச் 19
பழைய தெருக்களின் பெருமையைச் சொல்ல அருங்காட்சியகத்துக்கு ஒரு புதுக் கூடம் கட்டப் போகிறார்களாம். இடம் வேண்டாமா? அதனால் ஊரிலேயே பழைய தெருவை நகராட்சி இடிக்கிறது. எங்கள் தெருவை! இந்த மூளையைத்தான் முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

மார்ச் 20
அம்மா நகர மாட்டாளாம்.

ஏப்ரல் 11
இயக்குநரிடம் முறையிட்டேன். உருகிப்போய்விட்டார். "வருத்தப்படாதீங்கம்மா. உங்க வாசல்படியை அப்படியே பெயர்த்து உள்ள வைக்கிறோம். பெருமைதானே?" படிக்கு இடம் உண்டு. தினமும் அதில் ஏறி இறங்கியவளுக்கு? ஊருக்கு வெளியே எட்டாவது மாடி. லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை; வந்துகொண்டே இருக்கிறதாம். அம்மாவுக்கோ மூட்டு வலி.

மே 2
இடிக்க வந்தார்கள். அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க. நானும் பழசுதானே?" போலீஸ்காரரே சிரித்துவிட்டார்.

கடைசியில் கையைப் பிடித்து எழுப்பியது யார்? நான்தான். நான் என்ன ஜென்மமோ!

மறு ஆண்டு, நவம்பர் 9
எங்கள் படிக்கான பலகையை எழுதும் பாக்கியமும் எனக்கே. "இந்தக் கூடத்தைக் கட்டுவதற்காக இங்கிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்" என்று எழுதினேன். இயக்குநர் அதை அடித்துவிட்டு வழக்கமான வரியைப் போட்டார். "நடை ஒரே மாதிரி இருக்கணும்மா."

டிசம்பர் 1
திறப்பு விழா. அம்மாவும் வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை உரக்க வாசித்தாள். "...தெரியவில்லை."

"ஏன், என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா?"

தடுப்புக் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய், படியில் உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். "வாங்க, எல்லாரும் கிட்ட வாங்க" என்று ஆரம்பித்தாள். இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. அவளை எழுப்பச் சொல்லி எனக்கு ஜாடை காட்டினார்.

"மூட்டு வலி சார், எழுந்திருக்க நேரமாகும்" என்றேன். நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.