அப்பாவின் காந்தமும் என் எண்ணெய்க் கிண்ணமும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.8.1998

அன்பு மகள் ஆவுடையம்மாளுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அவர் சுகத்தைச் சொல்ல வயிற்றுக்குள் மிஷின் இருக்கிறது, உன் சுகத்தைச் சொல்ல உன் கடிதம் ஒன்றுதான் உண்டு, அது எனக்கு வந்து இரண்டு மாதமாகிறது. மதுரை டாக்டருக்கு மட்டும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், மிஷினை எந்த நம்பரில் வைக்க வேண்டும் என்று. கடைசியில் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும் என்று ஒரு வரி இருந்ததாம். ஆடிப்பூரத் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது, உன் பேருக்கும் மாப்பிள்ளை பேருக்கும் அர்ச்சனை செய்தேன். கோபத்தில்தான் செய்தேன், ஆனாலும் செய்தேன்.

எனக்குப் பொறாமை ஆவுடை, சொல்ல வெட்கமில்லை. ராஜபாளையம் மில்லில் பஞ்சுப் பொதி சரிந்து அப்பா இடுப்பில் விழுந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் இடது காலில் நெருப்பு வைத்த மாதிரி வலி. மத்தியானம் சாப்பிட்டதும் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி இடுப்பிலிருந்து குதிகால் வரை நான் தேய்த்துவிட்டால்தான் கண் அசருவார். போன வருஷம் நீ அமெரிக்காவில் வேலை பார்க்கிற மிஷின் கம்பெனி மூலமாக ஏற்பாடு செய்து முதுகுத் தண்டில் கம்பியும் வயிற்றுத் தோலுக்கடியில் மிஷினும் வைத்தார்கள். காலில் சுருசுருவென்று ஏதோ ஓடி வலியை மறைத்துவிடுகிறதாம். நிறுத்தவும் ஓட்டவும் ஒரு காந்தம், வயிற்றின் மேல் வைத்து எடுத்தால் போதும். முதலில் நானும் சந்தோஷப்பட்டேன், சாமி சத்தியமாக. பிறகு பார்த்தால் என் எண்ணெய்க் கிண்ணம் கேட்பாரில்லாமல் பரணுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக் கருத்தம்மாள் வந்தால் அப்பா சட்டையைத் தூக்கிக் காட்டி, எம்மவ ஏற்பாடு, அங்கன இருந்தே நம்பர் போட்டு அனுப்புதா என்று ஒரே பெருமை. பன்னிரண்டு வருஷம் தேய்த்த என் கையை ஒரு நாளும் ஒருத்தருக்கும் காட்டினதில்லை. ஏட்டி என்று கூப்பிடுவார், அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன், காந்தம் எங்கேட்டி என்பார்.

இனி எழுதுவதை மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாதே. சித்திரையில் ஒரு மத்தியானம் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் கிண்ணத்தை இறக்கி எண்ணெயைச் சூடு பண்ணி, விரலில் தொட்டுப் பதம் பார்த்து வைத்துவிட்டு, காந்தத்தை எடுத்து அவர் வயிற்றில் வைத்து மிஷினை அமர்த்தி நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் முனகினார். இன்னைக்கு என்னமோ குத்துது, செத்த நேரம் தேச்சு விடுட்டி என்றார். தேய்த்தேன். அன்றைக்கு எனக்கு எம்புட்டு சந்தோஷம் தெரியுமா. அவர் தூங்கினதும் மறுபடி ஓடவிட்டேன். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள், பிறகு தினமும். புருஷனுக்கு வலியை வரவழைத்துத் தேய்த்துவிட்ட பொம்பளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போனோம். டாக்டர் அவர் வயிற்றில் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். மிஷின் எம்புட்டு நேரம் ஓடியது என்பதெல்லாம் அதில் தெரியுமாம், அதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே. தினமும் ஒரு மணி நேரம் போல நின்றிருக்கிறதே, யார் நிறுத்துவது என்று டாக்டர் கேட்டார். எனக்கு வேர்த்து ரவிக்கை நனைந்துவிட்டது. உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், நாந்தான் டாக்டர், பேட்டரி மிச்சமாகும்லா என்றார். டாக்டர் அதற்குச் சபாஷ் வேறு போட்டார். பிறகு, உங்கள் மகள் எழுதியபடி கூட்டி வைத்தால் வலி முழுக்க அடங்கும், ஆனால் இரண்டு வருஷத்தில் பேட்டரி தீர்ந்து மறுபடி வயிற்றைக் கிழிக்க வேண்டும், இப்போது உள்ளபடியே விட்டால் ஐந்து வருஷம் ஓடும், ஆனால் கொஞ்சம் வலி இருக்கும், எது வேண்டும் என்றார். அப்பா, கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்றார். கத்திக்குப் பயந்து சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

திரும்பி வருகையில் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகள் இறங்கி பஸ் காலியானதும், அப்பா முகத்தைத் திருப்பாமலே சொன்னார். நீ அமத்தும்போது நான் முழிச்சுத்தாம்ட்டி கெடப்பேன், காந்தத்துக்கு முன்னாலயே ஒங்கையில உள்ள எண்ணெ வாசம் வந்துரும் என்றார். எத்தனை நாளாய்த் தெரியும் என்று கேட்டேன். மொத நாளே தெரியும் என்றார். ஊர் வருகிறவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இனிமேல் அவருக்குத் தெரியாமல் காந்தத்தைத் தொடமாட்டேன் ஆவுடை. நீ பட்டினியோடு வேலைக்குப் போகாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நாலு பக்கம் எழுதத் தோன்றினால் எனக்கு எழுது. மறக்காமல் ஒன்று செய், நம்பரைக் கூட்டச் சொல்லி டாக்டருக்கு மறுபடி எழுதாதே. மற்றதெல்லாம் நீயும் மிஷினும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த மிச்ச வலி என் பங்கு. நீயும் மாப்பிள்ளையும் ஆண்டாள் கிருபையில் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். இதோ, உள்ளேயிருந்து ஏட்டி என்கிறார். காந்தம் எங்கே என்று கேட்கவில்லை, அது அவர் கையில்தான் இருக்கிறது. எண்ணெய் காய்கிறது, நான் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சீனியம்மாள்