இரண்டாம் நிலையில் நிறுத்தப்பட்டவள் எழுதுவது

என் உயிருக்கு உயிரான ராசாத்தி அக்காவுக்கு,

உன் முப்பதாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அத்தான் உன் பீரோவை ஒழித்தார். "உங்க அக்கா எழுதுன நோட்டெல்லாம் நீயே வச்சுக்கம்மா, எனக்கு இங்கிலீசு என்ன தெரியும்" என்று ஒரு பை நிறையக் கொடுத்தார். நான் அதைப் பிரிக்காமலே இருந்திருக்கலாம்.

விருதுநகரில் பள்ளிக்கூட இங்கிலீஷ் டீச்சர் நீ. ஞாயிற்றுக்கிழமையானால் சிவகாசிக்கு வந்து, பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தாய். மார்க் போட மாட்டாய். அவரவர் செய்யும் பிழைகளைக் குறித்து, அதை வைத்தே இவள் முதல் நிலை, இவள் மூன்றாம் நிலை என்று பிரிப்பாய். "தப்பே பண்ணாதவ வாயே தொறக்கலைன்னு அர்த்தம்டி. என்ன தப்பு பண்றான்னு பாத்தா எங்கன நிக்கான்னு தெரிஞ்சுரும்" என்பாய். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நான் வேலை பார்க்கும் காலண்டர் கம்பெனி வேனில் கூட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நோட்டுகளில் 'இரண்டாம் நிலை' என்று ஒன்று. முழுக்க நான். வெளிநாட்டு ஆர்டருக்கு நான் எழுதி, அனுப்பும் முன் பார்த்துத் தரச் சொல்லி உனக்கு அனுப்பிய மெயில்கள். ஆறு வருட மெயில்கள். ஒவ்வொரு பிழைக்கும் சிவப்புக் கோடு. ஓரத்தில் நீ எழுதியிருக்கிறாய்: "இவளைத் திருத்தக் கூடாது. திருத்தாமல் விட்டால் ஒருத்தி எத்தனை வருடம் இதே நிலையில் நிற்பாள் என்று பார்க்க வேண்டும்."

எனக்கு நீ போட்ட பதில் என்ன? "நல்லாருக்கு, அனுப்பு." அம்புட்டுத்தான்.

போன சீசனில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இன்டர்வியூ போனேனே. எழுதச் சொன்ன ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு மேனேஜர் என்னை அனுப்பிவிட்டார். அன்றைக்கு உன்னிடம்தானே வந்து அழுதேன்? "அவுக முன்னாடியே ஆள் பாத்து வச்சிருப்பாக, விடுடி" என்று தலையைத் தடவினாய். காரணம் உன் பீரோவுக்குள் இருந்தது. கூடப் பிறந்தவளுக்குச் செய்கிற காரியமா அக்கா இது? செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன், கேட்டுக்கொள்.

உன் வகுப்புப் பெண்கள் என்னை விடவில்லை. "நீங்களாச்சும் வாங்கக்கா" என்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வயிற்றெரிச்சலோடுதான் போனேன். போர்டில் நாலு வரி எழுதினேன். பட்டாசுக்குத் திரி வைக்கும் முத்துமாரி மெல்ல எழுந்தாள்.

"கோவிச்சுக்கிடாதீகக்கா. அந்த ரெண்டாவது வரி தப்புன்னு நெனைக்கேன்."

தப்புதான். உன் நோட்டில் அவள் முதல் நிலை, எனக்கும் ஒரு படி கீழே. ஆறு வருடமாக நீ சொல்லாததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், அவள் பயந்தே போனாள்.

ஞாயிறு வகுப்பை நான் விட மாட்டேன். நோட்டையும் தூக்கிப் போட மாட்டேன். பிழையை வைத்து ஆளை அளந்த உன் முறை சரியானது, அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. ஆனால் யாருடைய பிழையையும் அவளுக்குக் காட்டாமல் ஒளித்து வைக்க மாட்டேன். இது சத்தியம்.

நீ இருந்திருந்தால் உன்னோடு மூன்று மாதம் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் எப்படியும் பேசியிருப்பேன். அந்தச் சண்டையைக்கூடப் போட விடாமல் போய்விட்டாயே.

கோபம் தீராத,
உன் ஒரே தங்கச்சி