பத்தில் மூன்று நாள் மழை

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம்.

புதூர்நாட்டில் நான் வேலை பார்க்கும் உழவர் குழுவின் சாமை இரண்டு பாறைகளில் காய்கிறது. முழுதாகக் காயுமுன் அள்ளினால் விலை சற்றுக் குறையும். நனைந்தால் மொத்தமும் முளைத்துவிடும். பழைய மழைக் குறிப்புகளின்படி இந்த மாதத்தில் பத்து நாளுக்கு மூன்று நாள் மழை. அதனால் நேற்றே கீழ்ப்பாறையை அள்ளச் சொன்னேன். மழை வரவில்லை.

"மானம் பளிச்சுனு கீது. உன் கணக்குல மட்டும் பேஞ்சிடுச்சாம்மா?" என்றார் தலைவி மாதம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். மேல்பாறையை அள்ள மறுத்துவிட்டார்கள்.

நான் எடுத்த முடிவு சரிதான், அப்பா. ஆனாலும் மழை வந்து அதை நிரூபிக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். உடனே கூசிப்போனேன்.

என் கம்பளியை அனுப்புங்கள். ஞாயிறு நீங்களே கூப்பிடுங்கள். கடிதத்தை மலையிறங்கும் ஜீப்பில் கொடுத்துவிட்டு மேல்பாறைக்கு ஓடுகிறேன், கிழக்கே கறுக்கிறது.

உங்கள்
சுபத்ரா