அப்பாவின் கட்டைவிரலும் நீ அனுப்பிய மூன்று மீன்களும்

என் வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், வீடு நலம், என் தையல் மிஷின் என்னைவிட நலம். உன் அப்பா நலம் என்று எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன், அந்த மைப்பொட்டுதான் இந்த வரியில் நீ பார்ப்பது. நீ அங்கே நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, லிஃப்ட் ரிப்பேருக்குக் குழிக்குள் இறங்கும்போது இடுப்பு பெல்ட்டை மாட்டுகிறாயா, இல்லை நீயும் உன் அப்பா மாதிரி "எனக்கு ஒண்ணும் ஆகாது" கட்சிதானா? போனில் சொல்லாமல் எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பாய். போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது, நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டு நம் இரண்டு பேருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் எங்கே பேச? அதனால் யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மாஸ்டரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, காலர் வரைந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டு எழுதுகிறேன். தூண்டில் கடைக்காரம்மா இதைப் போட்டோ பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். சிரிக்காமல் கடைசிவரை படி, படித்துவிட்டுப் பதறாதே, பதறுகிற வேலையை நான் இங்கே இரண்டு பேருக்கும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறேன்.

அப்பா தூண்டிலில் இரையாக மாட்ட நீ அனுப்பிய மூன்று ரப்பர் மீனும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம், வயிற்றில் கொக்கி, வால் தனியாக ஆடுகிறது. உன் அப்பா அன்றைக்குப் பூராவும் குளியலறையிலேயே இருந்தார், வாளியில் விட்டு வாலை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறாராம். நான் குளிக்க வேண்டும் என்றால், "சத்தம் போடாத, பயந்துரும்" என்கிறார், ரப்பர் மீன் பயந்துவிடுமாம்! பட்டன் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு மீன் நூற்றெழுபது கிராம். அவருடைய பழைய தூண்டில் கம்பில் கைப்பிடிக்கு மேலேயே இருபத்தெட்டு கிராமுக்கு மேல் வீசாதே என்று எழுதியிருக்கிறது. படித்துக் காட்டினேன். "கம்பெனிக்காரன் பயந்த சுபாவம், அதான் குறைச்சு எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு ஏரிக்குப் போனார். ஓங்கி ஒரு வீச்சு, நூல் பட்டென்று அறுந்து மீன் மட்டும் தனியாகப் பறந்துபோய் பம்ப் ஹவுஸ் கூரையில் உட்கார்ந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது, காக்கா இரண்டு தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. மீன் பிடிக்கப் போய் மீனைத் தொலைத்துவிட்டு வந்த மனுஷன் என்று நான் யூனிட் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை, அத்தனை கொக்கியோடு ஒரு முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை புதுக் கம்பு வாங்க நானே அவரைத் தூண்டில் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், தனியாக விட்டால் பளபளப்பைப் பார்த்து வாங்கிவருவார். கடைக்காரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும், வாய் என்னைவிட நீளம். ஒவ்வொரு கம்பின் நுனியிலும் மீனைத் தொங்கவிட்டுக் காட்டினாள். ஒன்று தலை கவிழ்ந்து தரையைத் தொட்டது, ஒன்று விறைத்துக்கொண்டு அசையவே இல்லை, அது மீனை வீசாது, நம் தோள்பட்டையைத்தான் வீசும் என்றாள். எட்டடிக் கம்பு ஒன்று நடுவிலிருந்து நிதானமாக வளைந்தது, இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி கைப்பிடியும் நீளம், இருநூற்றைம்பது கிராம் வரைக்கும் தாங்குமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது, பட்டுக்கு ஒரு ஊசி, ஜீன்ஸுக்கு ஒரு ஊசி, மாற்றிப் போட்டால் ஊசிதானே உடையும். நூல் சுற்றிவைக்கிற ரீலும் பழைய மாதிரி ஆகாதாம், இந்த எடைக்கு உருளை ரீல்தான் வேண்டுமாம். அதில் ஒரு சங்கதி. மீன் பறக்கும்போது உருளை தானாகச் சுற்றி நூலை விடும், நாம் கட்டைவிரலை அதன்மேல் பூப்போல வைத்திருக்க வேண்டும், மீன் தண்ணீரில் விழுந்ததும் அழுத்தி நிறுத்த வேண்டும், விட்டால் உருளை மேலும் சுற்றி நூலெல்லாம் சிக்கிக்கொள்ளும். பாபினில் நூல் சுற்றும்போது விரலை எடுத்தால் கொசகொசவென்று ஆகுமே, அதேதான்.

கடைக்குப் பின்னால் லாரி நிற்கிற காலி இடத்தில், கொக்கியைக் கழற்றிவிட்டு வீசிப் பார்க்கக் கொடுத்தாள். உன் அப்பா வீசினார், சிக்கல். மறுபடி வீசினார், முன்னதைவிடப் பெரிய சிக்கல், காக்கா வந்து முட்டையே போடலாம். ஐந்து தடவை. சும்மா நின்ற லாரிக்காரர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா, "இருபத்தாறு வருஷமா பஸ் ஓட்டுற ஆளு, கட்டைவிரல்ல ஒரு பிரேக் போடத் தெரியலயே, ஏறுன சனமெல்லாம் எப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்துச்சோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கடைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். வலது கட்டைவிரலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் உரிந்து, கீழே சிவந்து, ரத்தம் கம்பின் கைப்பிடி வரை வழிந்திருக்கிறது. உருளை சுற்றுகிற வேகத்தில் எரித்திருக்கிறது. "எரியலையாண்ணே?" என்று கேட்டாள். "என்னது?" என்றார் உன் அப்பா. விரலை அதற்கப்புறம்தான் அவர் பார்த்தார். அந்த "என்னது"தான் மூன்று நாளாக என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, ஸ்டீயரிங் பிடித்துக் கை காய்த்துவிட்டது, தோல் தடிப்பு, அவ்வளவுதான் என்றார். நான் ஊசியை எடுத்தேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிக் கட்டைவிரலில் குத்தினேன், பேசவில்லை. ஆள்காட்டி விரலில் குத்தினேன், பேசவில்லை. நடுவிரலில் குத்திய பிறகுதான் "ஸ்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன், எழுந்துபோய்த் துண்டை உதறினார். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதடி. மூன்று மாசமாக டியூட்டிக்குக் கிளம்பும்போது, சட்டைப் பட்டனைப் போட்டுவிடு என்று என் முன்னால் வந்து நிற்கிறார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. மனுஷனுக்கு இந்த வயசில் திடீரென்று ஆசை வந்துவிட்டது, புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கிறார் என்று பக்கத்து மிஷின்காரியிடம் சொல்லி வேறு சிரித்தேன். ஆசை ஒரு மண்ணும் இல்லை. அவருக்குப் பட்டன் கைக்குத் தட்டுப்படவில்லை. நான் ஒரு நாளைக்கு நானூறு பட்டன் தைக்கிறவள், எனக்கு அது தெரியவில்லை பார்.

இது சர்க்கரையா, கழுத்தெலும்பா, வேறு ஏதாவதா, எனக்கு என்ன தெரியும்? கை டாக்டர் வெள்ளிக்கிழமை உட்காருகிறார், நம்பர் போட்டு வைத்துவிட்டேன். இவர் வரமாட்டாராம். மாசக் கடைசியில் டிப்போவில் வருஷ செக்கப் இருக்கிறது, இப்போது ஆஸ்பத்திரி சீட்டு ஒன்று கையில் வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்களாம், கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, வருகிற போகிற வண்டி நம்பரை எழுதச் சொல்வார்களாம். "ரிட்டயர் ஆக மூணு வருஷம்டி, மூணே வருஷம், வாயை மூடிட்டு இரு" என்கிறார். இந்த வாரம் அவர் பஸ் இன்ஜின் வேலைக்குப் போயிருக்கிறது, அதனால் வீட்டில் இருக்கிறார். திங்கட்கிழமை காலை வண்டி வந்துவிடும். அறுபது பேர் ஏறுவார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும். டாக்டரைப் பார்க்காமல் வண்டியில் ஏறினால் நானே டிப்போ வாசலில் நின்று ஷிப்ட் ஆபீசரிடம் சொல்லிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் உன் அப்பா ஆயுசுக்கும் என் முகத்தைப் பார்க்கமாட்டார், பட்டன் போடாமலே போனாலும் போவார், என்னிடம் வந்து நிற்கமாட்டார். அதற்காகத்தான் உன்னைப் பிடிக்கிறேன்.

நேற்று நான் மட்டும் கடைக்குப் போய் வாங்கிவிட்டேன். கம்பு அதே எட்டடிதான். ரீல், வலது கையால் சுற்றுகிற கைப்பிடி வைத்தது, அப்போதுதான் கம்பு இடது கையில் இருக்கும், உருளையின்மேல் இடது கட்டைவிரல் இருக்கும், இடதில் அவருக்கு உணர்ச்சி நன்றாக இருக்கிறது, நான் குத்திப் பார்த்துவிட்டேன், அலறினார். நூலுக்குத்தான் நேரமாயிற்று. லைன் என்று சொல்லு என்கிறாள் கடைக்காரம்மா, எனக்கு அது நூல்தான். பின்னல் நூல் ஒன்று காட்டினாள், ஒல்லி, ஆனால் யானையைக் கட்டலாமாம். இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்த்தேன், துளிகூட நீளவில்லை, சதையில் கத்தி மாதிரி இறங்கியது. வலி தெரியாத விரலுக்கு இதைக் கொடுத்தால் எலும்பு வரைக்கும் போனாலும் "என்னது" என்பார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் தடிமனான நைலான், இழுத்தால் நீண்டு கொடுக்கிறது, அதையே சுற்றச் சொன்னேன். கொஞ்சம் நீண்டு கொடுக்காத நூல் தையலையும் பிரிக்கும், துணியையும் கிழிக்கும், எனக்குத் தெரியாதா. கம்பை அவரிடம் கொடுத்துவிட்டேன், ரீலை மட்டும் மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், டாக்டர் சீட்டைக் காட்டினால் சாவி. மனுஷன் ரீல் இல்லாத கம்பை இடது கையில் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் காற்றை வீசிக்கொண்டிருக்கிறார், எதிர்வீட்டுக்காரர் கொசு அடிக்கிறீங்களா என்று கேட்டாராம்.

இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும் முன் மறுபடி ஊசியோடு உட்கார்ந்தேன். "நீ என்ன டாக்டரா" என்று முனகிக்கொண்டே வலது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் உடனே குத்தவில்லை, அந்த மருந்து போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். "ஆ, வலிக்குதுடி, மெதுவா" என்றார். "பாத்தியா, சரியாப் போச்சு" என்றார். ஊசி அப்போது என் ரவிக்கையில்தான் குத்தியிருந்தது, நான் அதை இன்னும் எடுக்கவே இல்லை. ஆமாங்க, சரியாகிவிட்டது என்று சொல்லிப் பட்டனைப் போட்டுவிட்டு வந்தேன்.

என்னிடம் அவர் பொய் சொல்வார், இருபத்தெட்டு வருஷப் பழக்கம். உன்னிடம் அவருக்கு வராது. அதனால் நாளை வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. விரல் எப்படி இருக்கிறது என்று கேட்காதே, அழாதே, ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்காதே. மீன் வீசினீங்களாப்பா, என்ன கம்பு, என்ன ரீல் என்று கேள், குஷியாகப் பேசுவார், பேசவிடு. அப்புறம், உருளையில் எந்தக் கட்டைவிரலை வைப்பீங்க, ஏன் இடது என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் பேசும்வரைக்கும் நீ பேசாதே. நானும் பக்கத்தில்தான் இருப்பேன், வெங்காயம் உரிப்பேன், வாயைத் திறக்கமாட்டேன், இது சத்தியம், நம்பு.

நீ நூறு வருஷம் கை கால் சுகத்தோடு இருக்கவேண்டும், ஏறுகிற லிஃப்டெல்லாம் உனக்கு ஒழுங்காக நிற்கவேண்டும். பெல்ட்டை மாட்டு. உன் விரல் பத்தையும் ஒருதரம் ஊசியால் தொட்டுப் பார், எனக்காக. வியாழக்கிழமையை மறந்துவிடாதே.

வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குப் பட்டன் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் காத்திருக்கும்,
உன் அம்மா